ஒரே நீளம், வேறு வேறு எடை

கேள்வி: பிறையிலுள்ள எங்கள் ஃபோர்ஜிங் பட்டறையில் (சூடாக்கிய உலோகத்தை அச்சில் அழுத்தி வடிவமைக்கும் பட்டறை) எஃகுத் தண்டுகளை ஒரே நீளத்தில்தான் அறுக்கிறோம். ஆனாலும் சில துண்டுகள் அச்சை நிரப்புவதில்லை. சில அளவுமீறிப் பிதுங்குகின்றன. ஏன்?
– வாசகர், பினாங்கு

பதில்: நீளத்தைக் காட்டிலும் விட்டத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சூடாக உருட்டிய தண்டின் விட்டம் கட்டுக்குக் கட்டு சற்றே மாறும். கன அளவோ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 50 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. நீளமும் கொண்ட துண்டு சுமார் 1,540 கிராம் இருக்கும். விட்டம் அரை மி.மீ. கூடினாலே எடை 30 கிராமுக்கு மேல் ஏறிவிடும். அந்தக் கட்டிலுள்ள தண்டுகளை 98 மி.மீ. நீளத்தில் அறுத்தால் எடை சரியாகும்.

ஆகவே, ஒவ்வொரு புதிய கட்டிலும் முதல் சில துண்டுகளைத் தராசில் நிறுத்து, அதற்கேற்ப அறுக்கும் நீளத்தைத் திருத்துங்கள். வெட்டுமுனை சாய்ந்திருந்தால் நீள அளவையே நம்ப முடியாது என்பதால், எடைதான் உறுதியான அளவுகோல். உலையில் செதிலாக உதிரும் இழப்பையும் கணக்கில் சேருங்கள். பிதுங்க இடமில்லாத மூடிய அச்சாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மிகுதி உலோகம் போக வழியின்றி அழுத்தம் ஏறி, விலையுயர்ந்த அச்சே விரிசல் விடக்கூடும்.