பெங்களூர் ஆபீஸ் மீட்டிங்கில் அடிபடும் ஆங்கில மரபுத்தொடர்களுக்கு என்ன அர்த்தம்?

புதிதாக ஐடி வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள், மீட்டிங்கில் பாதி புரியவில்லை என்கிறீர்கள். சரி, 'பால்பார்க் ஃபிகர்' என்றால் குத்துமதிப்பான கணக்கு. பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்த வழக்கு. மேனேஜர் அதைக் கேட்டால் "ரெண்டு மூணு வாரம் ஆகும்" என்றாலே போதும், எக்ஸெல் ஷீட்டெல்லாம் வேண்டாம். 'டச் பேஸ்' என்பது ஒரு எட்டு பேசிக்கொள்வது, அவ்வளவுதான்.

உண்மையிலேயே உஷாராக இருக்க வேண்டியது 'லெட்ஸ் டேபிள் திஸ்' விஷயத்தில். அமெரிக்கர் சொன்னால் தள்ளிப்போடுகிறார். பிரிட்டிஷ்காரர் சொன்னால் விவாதத்துக்கு எடுக்கச் சொல்கிறார். நம் நாடாளுமன்றத்தில் அறிக்கையை 'டேபிள்' செய்வதும் பிரிட்டிஷ் வழக்கப்படிதான். லண்டனும் நியூயார்க்கும் ஒரே கான்ஃபரன்ஸ் காலில் இருந்தால், இப்போதே பேசணுமா, அப்புறமா என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள்.