பதில்: விண்டோஸ் 3.1 டாஸ் ஜன்னலில் கிரெப், சார்ட் பாதியில் நிற்கிறது

கிரெப்பின் (கோப்பில் சொல் தேடும் நிரல்) வெளியீட்டை சார்ட்டுக்கு (வரிகளை வரிசைப்படுத்தும் நிரல்) அனுப்பும்போது, வேறு ஜன்னலுக்குப் போனதும் சார்ட் அப்படியே நின்றுவிடுகிறது என்கிறீர்கள். கருவியில் கோளாறு இல்லை. மெயின் குழுவில் இருக்கும் பிஐஎஃப் எடிட்டரில் (டாஸ் நிரல் எப்படி ஓட வேண்டும் என்ற அமைப்புகளை மாற்றும் கருவி) எம்எஸ்-டாஸ் பிராம்ப்ட்டின் பிஐஎஃப் கோப்பைத் திறந்து, எக்ஸிக்யூஷன் வரிசையில் 'பேக்கிரவுண்ட்' கட்டத்தை டிக் செய்யுங்கள். விண்டோஸ் பல டாஸ் நிரல்களை ஒருசேர ஓட்டும் 386 என்ஹான்ஸ்டு மோடில்தான் இது பலிக்கும். ஸ்டாண்டர்டு மோடில் ஜன்னல் மாறினாலே டாஸ் நிரல் உறைந்துவிடும்.

'கிரெப் முடிகிறவரை சார்ட் தொடங்கவே இல்லை' என்ற புகாருக்கு மருந்து கிடையாது. டாஸ் கட்டளைகளை ஓட்டும் கமாண்ட்.காமின் பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்குத் தரும் வசதி), இரண்டு நிரல்களையும் ஒருசேர ஓட்டும் யூனிக்ஸ் பைப் மாதிரி நடிக்கும், அவ்வளவுதான். முதல் நிரலின் வெளியீடு முழுவதையும் தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டு, அப்புறம்தான் அடுத்ததை ஓட்டும். அந்தக் கோப்பு டெம்ப் (TEMP) என்ற சூழல் மாறி காட்டும் அடைவில்தான் விழும். அந்த மாறியைச் சின்ன ராம் டிஸ்க்குக்கு (நினைவகத்தின் ஒரு பகுதியை டிஸ்க் போல் பயன்படுத்துவது) திருப்பியிருந்தால், பெரிய லாக் கோப்பு வந்ததும் இடம் நிரம்பிவிடும். ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடியே ஆக வேண்டுமென்றால் ஓஎஸ்/2 இயங்குதளத்தைப் பாருங்கள்.