கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இயற்கையோடு ஆன்மிகப் பிணைப்பு உண்டாகுமா?

எனக்கு உண்டாகியிருக்கிறது. 'ஆன்மிகம்' என்ற சொல்தான் கொஞ்சம் உறுத்துகிறது. வேறு சொல் கிடைக்காததால் அதையே வைத்துக்கொள்கிறேன்.

நான் மொரீஷியஸ்காரன். இங்கே தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. வீட்டில் எல்லோரும் பத்து நாள் விரதமிருந்து காவடி எடுப்பார்கள். நான் பதினெட்டு வயதோடு நிறுத்திவிட்டேன். இப்போதும் கூடவே நடப்பேன், சாப்பிடுவேன். 'அரோகரா' சத்தத்தில் அம்மாவுக்குக் கண் கலங்கும், எனக்கு ஒன்றும் ஆகாது.

எனக்கு ஆனது பிளாக் ரிவர் கோர்ஜஸ் காட்டில். சின்ன வயதில் அங்கே சீனக் கொய்யா பறிக்கப் போவோம். கோலிக்குண்டு அளவில் சிவப்புப் பழம், உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றால் அப்படியொரு புளிப்பு. அந்தப் புதரைத்தான் காடு என்று நினைத்திருந்தேன். அது பிரேசில் பக்கத்திலிருந்து வந்து, இந்தத் தீவின் சொந்த மரங்களை முளைக்கவிடாமல் நெருக்குகிற செடி என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருமுறை களையெடுக்கப் போனபோது நண்பர் ஒரு கன்றைக் காட்டினார். முழங்கால் உயரம், விரல் தடிமன். கருங்காலி. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வெட்டிக் கப்பலேற்றியது இந்த மரத்தைத்தான். மெதுவாக, ரொம்ப மெதுவாக வளரும். அது பெரிய மரமாவதை நான் பார்க்கப்போவதில்லை. அதன் பக்கத்தில் குந்தியிருந்தவனுக்கு எழுந்திருக்க மனமில்லை.

அப்புறம் கெஸ்ட்ரல். இந்தத் தீவில் மட்டுமே வாழும் சிறிய வல்லூறு. 1974இல் காட்டில் நான்கே நான்குதான் மிஞ்சியிருந்தன. முதலில் இட்ட முட்டைகளை எடுத்துக் குஞ்சு பொரிக்கவைத்து, தாய்ப்பறவையை மறுபடி இடவைத்து, கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டே மீட்டார்கள். அது தலைக்கு மேல் பறந்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இதெல்லாம் தெரியாத காலத்தில் அது வெறும் பறவையாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்று: கோயிலில் நான் எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறேன், பரீட்சை, வேலை என்று. காட்டில் கேட்பதற்கு ஆளில்லை. அதுவே பெரிய நிம்மதி.

போன மே மாதம் அம்மாவையும் கூட்டிப்போனேன். "இங்கே வந்து என்னதான் வேண்டிக்கொள்கிறாய்?" என்று இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார்.

"ஒன்றுமில்லை."

"அப்புறம் எதற்கு வருகிறாய்?"

நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் பையை விரித்துக் கொய்யா பறிக்கத் தொடங்கிவிட்டார். சரி, அதையாவது பறிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.