பாட்டி பார்த்த பேறுகாலமும் கொள்ளுப்பேத்தி படிக்க வேண்டிய படிப்பும்

திங்கள்சந்தைப் பக்கமிருந்து எழுதிய அம்மாவுக்கு,

ப்ளஸ் டூ பயாலஜி குரூப் படிக்கும் மகள், வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வீடு வீடாகப் போய்ப் பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சி ஆகணும் என்கிறாள். உங்கள் பாட்டி அந்த வேலைக்காகப் பட்ட அவமானத்தை இவளும் படணுமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஒன்று சொல்கிறேன். பிள்ளையைத் திட்டாதீர்கள். நர்சிங் படிக்கும் பிள்ளைகளில் பிரசவ அறைதான் வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் குறைவு.

ஆனால் பாட்டி போன வழி இப்போது இல்லை. தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. 2018-இல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய், ஒரு தாய் ரத்தப்போக்கில் இறந்தார். பிள்ளை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காமல் போய், சீக்கிரமே உயிர் போகலாம். அதற்கான ஊசியும், போடத் தெரிந்த கையும் அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மகள் பார்த்த வீடியோக்கள் இங்கிலாந்தைப் பற்றியவையாக இருக்கலாம். அங்கே அரசு மருத்துவச்சியே வீட்டுக்கு வருவார். ஊசி மருந்தும் குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் கருவியும் கையில் இருக்கும். சிக்கல் என்று தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள். 2011-இல் அங்கே வந்த பெரிய ஆய்வில், தலைப்பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ள நினைத்தவர்களில் 100-க்கு 45 பேரை வலியின்போதோ பிறந்த உடனேயோ மாற்ற வேண்டியிருந்தது. தலைப்பிள்ளைகளுக்கு ஆபத்தும் வீட்டில் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. இதை மகளிடம் காட்டுங்கள். எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும் என்று தெரிவதுதான் இந்தத் தொழிலின் பாதி.

சரி, படிப்புக்கு வருவோம். இங்கே மருத்துவச்சி ஆக நர்சிங் வழியாகத்தான் போகணும். பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம், ஜி.என்.எம். என்ற நர்சிங், மருத்துவச்சி டிப்ளமோ 3 வருடம். முடித்து தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிந்தால், நர்ஸ், மருத்துவச்சி இரண்டு தகுதியும் சேர்ந்தே வரும். முடிந்தால் பி.எஸ்சி. படிக்க வையுங்கள், மேல்படிப்புக்கு அதுதான் வசதி. அப்புறம், மத்திய அரசு 2018-இல் மருத்துவச்சி சேவைக்குத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. பிரசவ அறை அனுபவமுள்ள நர்சுகளுக்கு 18 மாதப் பயிற்சி. முடித்தவர்கள், சிக்கலில்லாத சுகப்பிரசவத்தைத் தங்கள் பொறுப்பிலேயே கவனிக்கும் பிரிவுகளில் வேலை செய்யலாம். அவசரம் என்றால் டாக்டர் பக்கத்திலேயே இருப்பார். உங்கள் மகள் கேட்கும் வேலைக்கு நம் நாட்டில் மிக நெருக்கமானது இதுதான்.

கல்லூரி தேடும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஹாஸ்டல் சாப்பாட்டைக்கூட அப்புறம் பார்க்கலாம். மாணவிகளை எந்த ஆஸ்பத்திரி பிரசவ வார்டுக்கு அனுப்புகிறீர்கள், அங்கே மாதம் எத்தனை பிரசவம், ஒரு பிரசவத்தைச் சுற்றி எத்தனை மாணவிகள் நிற்பார்கள்? இந்த மூன்றையும் நேரில் கேளுங்கள். மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். பத்துப் பேருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த பிள்ளைக்குச் சான்றிதழ் இருக்கும், கை பழகியிருக்காது. நெய்யூரில் 1838-லேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய மாவட்டம் நம் குமரி மாவட்டம். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது. கற்றுக்கொள்ள இடத்துக்குக் குறைவில்லை.

சில வாரங்களில் 'பிரசவத் துணை' சான்றிதழ் தரும் ஆன்லைன் வகுப்புகளுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். கூட இருந்து தைரியம் சொல்ல அது உதவும். பிரசவம் பார்க்க உரிமை தராது. வெளிநாட்டு ஆசை இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். இங்கிலாந்தில் நர்ஸ் பதிவு வேறு, மருத்துவச்சி பதிவு வேறு; இங்கே போல ஒன்றோடு மற்றதும் சேர்ந்து வராது.

பாட்டி பட்ட அவமானம் நிஜம். நம் ஊரில் மருத்துவச்சியைக் கூப்பிட்டவர்களே அவரைத் திண்ணையோடு நிறுத்தியதும் உண்டு. அது சாதியைப் பார்த்துச் செய்தது, அந்தத் தொழிலில் ஒரு குறையும் கிடையாது. பாட்டிக்கு நடந்ததை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த புதன்கிழமை, தடுப்பூசி நாளில், உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்கு மகளோடு போங்கள். கூட்டம் குறைந்ததும் கிராம சுகாதார நர்சிடம் அரை மணி நேரம் பேசட்டும். ராத்திரி ஒரு மணிக்கு வலி வந்த பெண்ணை 108-இல் ஏற்றிக்கொண்டு போன கதை அவரிடம் இருக்கும். அதைக் கேட்ட பிறகும் மகள் இதே பேச்சைப் பேசினால், விண்ணப்பம் வாங்கிவிடுங்கள்.