தாவரவியலா, சூழலியலா?

கேள்வி: டீச்சர், சேலத்தில் பி.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறேன். பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. தாவரவியல், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சூழலியல், இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. ஏற்காடு ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போனால் ஒவ்வொரு பூவாகப் பிரித்துப் பெயர் கண்டுபிடிக்கத்தான் கை துடிக்கும். அப்பாவோ, "வேற சப்ஜெக்ட் எடுத்தா டீச்சர் வேலையே கிடைக்காது" என்கிறார். எதில் சேரட்டும்?
- வாசகி, நாகலூர்

பதில்: அப்பா சொல்வது பாதி சரி, கண்ணு. மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக, இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும், கூடவே பி.எட். சூழலியல் பட்டத்தோடு தாவரவியல் பணியிடம் கேட்டால், இரண்டும் இணையானவை என்று சொல்லும் அரசாணையைத் தேடி அலைய வேண்டிவரும். ஆனால் பத்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு உன் பி.எஸ்சி.யும், பி.எட்.டும், டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும்தான் அடிப்படைத் தகுதி. எம்.எஸ்சி. எதுவானாலும் அதற்குப் பாதகமில்லை. இதை அப்பாவிடம் பொறுமையாகச் சொல்.

சரி, உன் ஆசைக்கு வருவோம். காப்பித் தோட்டத்தில் பழைய நிழல் மரங்களை எடுத்துவிட்டு சில்வர் ஓக் வைத்தால் மண்ணும் பறவையும் என்னவாகும் என்று யோசிப்பவளாக இருந்தால், புதுச்சேரிக்குக் கிளம்பு என்பேன். நீயோ பூவைப் பிரித்துப் பெயர் தேடுகிறாய். அது வகைப்பாட்டியல். அதற்குத் தாவரவியல்தான். ஆராய்ச்சிக்குப் போக சிஎஸ்ஐஆர் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் உயிர் அறிவியல் தாள் எழுதலாம். அதில் ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

சேருமுன் ஒரு நாள் துறைக்கே போய் ஹெர்பேரியம், அதாவது உலர்தாவரத் தொகுப்பு, அலமாரியைத் திறந்து காட்டச் சொல். எந்தக் கல்லூரியானாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். உலர்ந்த செடி ஒட்டிய தாளில், கீழே வலது மூலைச் சீட்டில், சேகரித்த தேதி இருக்கும். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் என்று தேதிகள் இருந்தால் பிள்ளைகள் காட்டுக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். எல்லாமே பழைய தேதி என்றால் யோசி. அப்புறம், இரண்டாம் ஆண்டு மாணவி யாரையாவது பிடித்து, ப்ராஜெக்ட் எங்கே செய்தாள் என்று கேள். உன் ஊர்ப் பக்கமே பொட்டானிக்கல் சர்வே என்கிற மத்திய அரசுத் தாவர ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிடேரியம், அதாவது ஆர்க்கிட் தோட்டம், இருக்கிறது. அங்கே ப்ராஜெக்ட் செய்ய வழியுண்டா என்று துறைத்தலைவரிடம் விசாரி.

ஏற்காடு மலையில் இருக்கும் நாகலூரிலிருந்து தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் பஸ் மாறி, பெரியார் பல்கலைக்கழகம் இருக்கும் கருப்பூர் போய்வருவது வேண்டவே வேண்டாம். ஹாஸ்டலில் சேர். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிவிடு. கல்லூரிகள் அவற்றைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி.