இன்ஜினியர் கத்துகிறார் என்று வேலையை விடலாமா?

வணக்கம் அம்மா.

சிவில் டிப்ளமோ முடித்த மகன் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. சீனியர் இன்ஜினியர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார், பையன் ராத்திரி போன் பண்ணி அழுகிறான். "நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. அம்மா போன் பண்ணின விஷயம் பதினோரு மணி டீ வருவதற்குள் சைட் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் கம்பி கட்டுகிறவர்கூட உங்கள் மகன் சொல்வதைக் காதில் வாங்கமாட்டார்.

இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன் நானும் ஒன்றரை வருடம் சைட்டில் நின்றவன். ஒரு ஸ்லாபுக்குக் கம்பி கட்டி முடித்திருந்தார்கள், மறுநாள் கான்கிரீட். அடிக்கம்பிக்குக் கீழே, அதைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டைகளை வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஓரத்தில் பார்த்தேன், இருந்தது. நடுவில் போய்ப் பார்க்கவில்லை. காலையில் இன்ஜினியர் வந்தார், நேராக நடுவில் போய்க் குனிந்தார். கம்பி, கான்கிரீட்டைக் கீழிருந்து தாங்கும் சென்ட்ரிங் ஷீட்டோடு ஒட்டிக் கிடந்தது. "கண்ணை வீட்டில வெச்சுட்டு வந்தியா?" என்று அவர் போட்ட சத்தத்தில், கீழே ஜல்லி அள்ளிக்கொண்டிருந்த அக்காக்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. ஆனால் அந்த 20 மி.மீ. கட்டை இல்லாமல் கான்கிரீட் போட்டிருந்தால், சில வருடங்களில் கம்பி துருப்பிடித்து ஊதி, யாரோ ஒருவர் வீட்டுக் கூரை பெயர்ந்து விழுந்திருக்கும். அன்றிலிருந்து நடுவில்தான் முதலில் பார்ப்பேன்.

சைட்டில் ஏன் இவ்வளவு சத்தம் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. ரெடிமிக்ஸ் லாரியில் வரும் கான்கிரீட்டை, கலந்ததிலிருந்து சுமார் 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். லாரி டிராஃபிக்கில் நிற்கும், பம்ப் பைப் அடைத்துக்கொள்ளும், வானம் கருக்கும். பாதியில் நின்றால் பழைய கான்கிரீட்டும் புதிதும் ஒட்டாமல் பிளவு விழும். போதாததற்கு வைப்ரேட்டர் இரைச்சல். அதற்காக வாய்க்கு வந்தபடி கத்துவது சரி என்று நான் சொல்லவில்லை. குரலை உயர்த்தாமல் பெரிய பெரிய ஸ்லாப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் முந்தின நாளே எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்திருப்பார்கள்.

ஆகவே மகனிடம் ஒன்று கேளுங்கள்: கத்தும்போது அவர் சொன்ன வார்த்தை என்ன? "ரிங் ஏன் 8 இன்ச்சுக்கு ஒன்னு போட்டிருக்கு, டிராயிங்ல 6 தானே?", "அந்த ஆளுக்கு ஹெல்மெட் எங்கே?" என்றால், சத்தத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். கல்லூரியில் இதைச் சொல்லித் தர ஆள் இல்லை.

திட்டு விழும் நேரத்தில் பதில் பேச வேண்டாம், மேஸ்திரியைக் காட்டிக்கொடுக்கவும் வேண்டாம். "சரி சார், பத்து நிமிஷத்துல சரி பண்ணிடறேன்" என்று சொல்லி, பத்து நிமிடத்தில் சரி பண்ண வேண்டும். பேச வேண்டியதைச் சாயங்காலம், கான்கிரீட் முடிந்து அவர் கை கழுவிவிட்டு டீ குடிக்கும்போது பேசலாம். "சார், தப்பு என்னோடதுதான். ஆனா ஆளுங்க முன்னாடி திட்டினா, நாளைக்கு நான் சொல்ற வேலையை அவங்க செய்யமாட்டாங்க. தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க சார்." மனசு வலிக்கிறது என்று சொன்னால் சிரித்துவிடுவார், வேலை கெடும் என்றால் காது கொடுப்பார். அடுத்த நாளே திருந்திவிடுவார் என்றில்லை. பாதி குறைந்தாலே லாபம். கூடவே, முந்தின நாள் சாயங்காலமே கம்பி, கவர் பிளாக், ஸ்லாபைத் தாங்கும் முட்டுக் கம்பங்கள் எல்லாம் போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் வரட்டும். வாயால் சொன்ன மாற்றங்களையும் அதிலேயே "நீங்கள் சொன்னபடி" என்று போட்டு வைக்கலாம்.

பொறுக்கவே கூடாத இடங்களும் உண்டு. கை ஓங்குவது, பெற்றவளை இழுத்துப் பேசுவது. பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பலர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது குற்றம். திட்டு என்ற பெயரில் ஒரு பெண்ணிடம் ஆபாசமாகப் பேசினால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் வருடச் சட்டப்படி அந்தப் பெண் புகார் கொடுக்கலாம்.

இதையெல்லாம்விட நான் பயப்படுவது வேறொன்றுக்கு. சத்தம் போட்டே தப்பு செய்ய வைப்பார்கள். பெல்ட் இல்லாமல் ஆளைச் சாரத்தில் ஏற்றச் சொல்வது, கான்கிரீட்டின் பலம் பார்க்க வார்த்த கியூபை உடைத்துப் பார்க்காமலே ரிஜிஸ்டரில் அளவு எழுதச் சொல்வது, முட்டுக் கம்பங்களை முன்கூட்டியே பிரிக்கச் சொல்வது. சாதாரண சிமெண்ட் என்றால், தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. மூன்றாம் நாள் பிரி என்று கத்தினால், "எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்கச் சொல்லுங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் ரிஜிஸ்டரில் இருப்பது உங்கள் மகன் கையெழுத்துதான். அப்படிப்பட்ட சைட் என்றால் அடுத்த வேலை கிடைக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், வெளியே வந்துவிடட்டும்.

வெறும் சத்தம்தான் என்றால், அடுத்த வேலை கையில் வரும்வரை நிற்கட்டும். சொல்லாமல் நின்றுவிடுகிற பையன்களுக்குப் பாக்கிச் சம்பளமும் வருவதில்லை, அனுபவச் சான்றிதழும் வருவதில்லை. சைட்டே ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் பில்லிங், அளவுக் கணக்கு வேலைகள் இருக்கின்றன. பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. ஜூனியர் இன்ஜினியர் தேர்வும் டிப்ளமோவுக்குத் திறந்திருக்கிறது.

அழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று எழுதவில்லை. இரண்டும் கெட்டிருந்தால், அல்லது "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி பேசினால், வேலையை ஓரமாக வைத்துவிட்டு உடனே ஊருக்குக் கூப்பிடுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அப்படி இல்லையென்றால், இன்று ராத்திரி போன் வரும்போது "இன்னைக்கும் திட்டினாரா?" என்று ஆரம்பிக்காதீர்கள். எத்தனையாவது மாடி போகிறது, ஸ்லாப் எப்போது என்று கேளுங்கள். கவர் பிளாக் என்றால் என்னவென்று உங்களுக்கு அவன் விளக்கட்டும்.