ஹேண்டில்பார் 1,200 ரூபாய்தான், மற்றது?

கேள்வி: என்னிடம் பஜாஜ் அவெஞ்சர் ஸ்ட்ரீட் 220 இருக்கிறது. நான் ஆறடி உயரம். வாரம் இரண்டு முறை தேவகோட்டையிலிருந்து புதுக்கோட்டை போய் வருகிறேன். திருமயம் வருவதற்குள் தோள்பட்டை இறுகிவிடுகிறது. உயரமான ஹேண்டில்பார் போட ஆசை. ஆன்லைனில் 1,200 ரூபாய்க்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மாட்டிக் கொடுக்க மெக்கானிக் 2,500 கேட்கிறார். வீடியோவில் அரை மணி நேர வேலை என்கிறார்கள். நானே மாட்டலாமா? சட்டப்படி சிக்கல் வருமா?

பதில்: மாட்டலாம். ஆனால் அந்த 1,200 ரூபாயை இன்றைக்கே கட்டிவிடாதீர்கள்.

ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொண்டு கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், முன் பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்), இரண்டு பக்கத்து ஸ்விட்ச் வயர் எல்லாம் இருக்கின்றன. கம்பெனி இவற்றை இப்போதுள்ள பாரின் உயரத்துக்கு அளந்து வெட்டியிருக்கிறது. பாரை உயர்த்தினால் இத்தனையும் கூடவே மேலே வந்தாக வேண்டும். எது முதலில் எட்டாமல் போகும் என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம், காசு செலவில்லை. டேங்கின் மேல் பழைய போர்வை ஒன்றை விரியுங்கள். பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைக் கழற்றி, கேபிள்கள் எதையும் அவிழ்க்காமல், பழைய பாரையே நீங்கள் நினைக்கும் உயரத்துக்கு ஒருவரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்படியே முன்சக்கரத்தை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்புங்கள். எது விறைத்து நிற்கிறதோ அதுதான் உங்கள் கூடுதல் செலவு. ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்றால் கேபிளை வேறு வழியாக விட்டுச் சமாளிக்க முடிவதுண்டு. நான்கு, ஐந்து அங்குலம் என்றால் கேபிள், ஹோஸ் எல்லாம் நீளமானதாக வாங்க வேண்டியிருக்கும். அப்போது 1,200 என்பது கணக்கின் முதல் வரி மட்டும்தான்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. தோள்வலிக்கு உயரம்தான் மருந்தா? நெடுநேர ஓட்டத்தில் தோள் இறுகுவதற்குப் பெரும்பாலும் கை முன்னே நீண்டு கிடப்பதுதான் காரணம். உங்களுக்குத் தேவை மேலே போகிற பார் அல்ல, உங்கள் பக்கமாக வளைந்து வருகிற பார். கிளாம்பைத் தளர்த்தி, இப்போதிருக்கும் பாரைக் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்த்து, லீவர்களை மறுபடி சரிசெய்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு விஷயம் அங்கேயே முடிந்துவிடும். கை தோளுக்கு மேலே போகிற அளவு உயரமான பாரை நான் யாருக்கும் சொல்வதில்லை. பார்வைக்கு ராஜா மாதிரி இருக்கும், பத்து கிலோமீட்டரில் கை மரத்துப்போகும்.

சரி, சாய்த்துப் பார்த்தும் போதவில்லை என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2015இல் ஸ்ட்ரீட் 220 வந்தபோதே அதன் ஜோடியாக உயரமான பாரோடு குரூஸ் 220ம் வந்தது. அதனால் உதிரிபாகக் கடையில் வெறுமனே ‘உயரமான பார்’ என்று கேட்காதீர்கள். இரண்டு மாடலின் பாக எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: பார், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ். எந்த எண் மாறுகிறதோ அந்தப் பாகத்தையும் சேர்த்து வாங்குங்கள். வண்டி எந்த ஆண்டு, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) உண்டா இல்லையா என்பதையும் சொல்லுங்கள், ஹோஸ் அதைப் பொறுத்து மாறும்.

வேறு கம்பெனி பார்தான் என்றால் தடிமன் அளக்கும் வெர்னியர் ஒன்றோடு போங்கள். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிரிப் மாட்டும் இடம் 22 மில்லிமீட்டர். பெரிய வெளிநாட்டு குரூசர்களுக்கு ஓர் அங்குலம், அதாவது 25.4. கிளாம்ப் பிடிக்கும் நடுப்பகுதியைத் தனியாக அளக்க வேண்டும், சில பார்களில் அது மட்டும் தடிமனாக இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்க்காமல், புரட்டிப் பார்க்காமல் காசை எடுப்பதில்லையே, அந்தப் புத்தி இங்கேயும் வேண்டும். அலுமினியம் என்று சொல்லி விற்கிற பாரில் காந்தம் ஒட்டினால் அது குரோம் பூசிய இரும்பு. இரும்பு என்பதில் குறை ஒன்றுமில்லை, பொய் சொன்னதில்தான் குறை. பழைய பாரை வெட்டி நடுவில் குழாய் வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இனி மாட்டுகிற வேலை. ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு சின்ன முளை இருக்கும். பாரில் அதற்கு ஓட்டை இல்லையென்றால், முளையை அரம் போட்டுத் தேய்த்துவிடு என்பார்கள். செய்யாதீர்கள். ஆக்சிலேட்டரை முறுக்கும்போது பெட்டியே சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். உட்கார்ந்து கை வைத்துப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்டு, அளவாக ஓட்டை போடுங்கள். கிளாம்ப் போல்ட்டை அந்த வண்டிக்கான மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு, அதாவது முடுக்கு விசைக்கு, முடுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும், நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். பல வருஷம் முன்பு நான் இந்தச் சோதனையைச் செய்யாமல் கிளம்பினேன். திருமயத்தில் வண்டியை வளைத்துத் திருப்பும்போது, நான் முறுக்காமலே இன்ஜின் உறுமியது. கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தேன். கிளட்ச் கேபிளும் அன்றைக்கு விறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

பிரேக் ஹோஸ் மாற்ற வேண்டி வந்தால் அந்த வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். இணைப்பு போல்ட்டின் இரு பக்கத்துச் செப்பு வாஷர்களும் புதிதாக இருக்க வேண்டும். உள்ளே காற்று நின்றால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று மாட்டிக்கொண்டால் வீட்டில் வைத்து எடுப்பது கஷ்டம். பிரேக் ஆயில் பெயின்ட்டையும் தின்றுவிடும். இந்த வேலையை வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல் மேல் வைத்துச் செய்து கறையாக்கினால் ஆச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது தனிக்கதை. மெக்கானிக் சொன்ன 2,500இல் ஹோஸ் மாற்றி ஏர் எடுப்பதும் சேருமா என்று கேளுங்கள். சேரும் என்றால் நியாயம். பாரை மட்டும் மாற்றத்தான் என்றால் பேரம் பேசுங்கள்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆர்சியில் ஹேண்டில்பாருக்குத் தனிக் கட்டம் இல்லையே என்று வாதாடிப் பயனில்லை. ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாரன்ட்டி பாக்கி இருந்தால் சர்வீஸ் சென்டரிலும் ஒரு வார்த்தை.

கேள்வி: 22 மில்லிமீட்டர் என்று போட்டிருந்த பாரை ஆன்லைனில் வாங்கினேன். வந்தது 25.4. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள். (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: பிரிக்காமல் எப்படி அளப்பதாம்? 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மையில் பொருள் இல்லையென்றால் விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. வெர்னியர் வைத்து அளந்த படம், அவர்கள் இணையப் பக்கத்தில் 22 என்று போட்டிருந்த படம், பில் மூன்றையும் சேர்த்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை அந்தப் பாரில் ஓட்டை எதுவும் போட்டுவிடாதீர்கள்.